விரலிழந்த கைக்கு ஏற்ற கையுறை



கைகளால் உழைத்து உண்பதை இஸ்லாம் பெரிதும் மதிக்கிறது. நம் சமுதாயத்தில் அப்படி உழைப்போர் ஏராளம். மர அறுவை ஆலையிலும், வெல்டிங் பட்டறையிலும், தோல் பதனிடும் தொழிற்சாலையிலும், வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தளங்களிலும் நம் பிள்ளைகளும் சகோதரர்களும் பாடுபடுகின்றனர். அவர்களுள் சிலர் அறுவை வாளுக்கோ, பவர் பிரஸ் இயந்திரத்துக்கோ ஒரு விரலைப் பறிகொடுத்தவர்கள். அத்தகைய ஒருவர் உங்கள் இல்லத்திலோ, உங்கள் தெருவிலோ இருக்கக்கூடும்.

காயம் ஆறிவிட்டது, மருத்துவர் வேலைக்குச் செல்ல அனுமதித்துவிட்டார், குடும்பத்தார் அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லி அனுப்பி வைக்கின்றனர். வேலைக்குத் திரும்பிய முதல் நாளிலேயே அவர் ஓர் இக்கட்டைச் சந்திக்கிறார். பட்டறையில் அவருக்கு வழங்கப்படும் கையுறையில் ஐந்து விரல்கள் இருக்கின்றன; அவர் கையிலோ நான்குதான் உள்ளன. ஐந்தாவது விரல் காலியாகத் தொங்குகிறது. சிலர் அதை அப்படியே அணிந்து கொள்கின்றனர். பலர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையோடு வேலை செய்கின்றனர். இரண்டுமே எஞ்சிய விரல்களுக்கு ஆபத்தானவை. ஒரு விரலை இழந்தவருக்கு மீதமுள்ள ஒவ்வொரு விரலும் முன்னைவிட விலைமதிப்புள்ளது என்பதை எண்ணிப் பாருங்கள். இருக்கும் கைக்கு ஏற்ப அந்தக் கையுறையைத் திருத்தி அமைப்பது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வெற்று விரல் செய்யும் தீங்கு

கையுறையின் வெற்று விரலுக்குள் தொடுவுணர்ச்சி இல்லை. அது எங்கே இருக்கிறது, எதில் படுகிறது என்பதைக் கை அறியாது. கம்பியின் கொக்கியிலும், கயிற்றின் சுருக்கிலும், இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு இடையிலும் அது சிக்கிக்கொள்ளும். சிக்கியது துணியோ தோலோ என்றாலும் இழுபடுவது முழுக் கையே.

அந்த வெற்றுப் பகுதி உள்ளங்கைப் பக்கம் மடிந்தால், பிடிக்கும் பொருளுக்கும் கைக்கும் நடுவே ஒரு மடிப்பு உண்டாகிறது. சுத்தியலும் உளியும் வழுக்குகின்றன. வழுக்காமலிருக்கத் தொழிலாளி முன்னிலும் இறுகப் பற்றுகிறார்; மற்ற விரல்கள் விரைவில் சோர்வடைகின்றன. நீரோடும் எண்ணெயோடும் வேலை செய்பவருக்கு அந்த வெற்று விரல் ஒரு சிறு பையைப் போல் ஆகித் திரவத்தைத் தேக்கி வைக்கிறது. அதில் நாள் முழுவதும் ஊறும் தோல் எளிதில் புண்ணாகும்.

இதைத் தவிர்க்கச் சிலர் வெற்று விரலில் பஞ்சையோ துணியையோ திணிக்கின்றனர். வேறு சிலர் நாடாவால் சுற்றிக் கட்டுகின்றனர். திணித்த பஞ்சு இடம் பெயர்ந்து, துண்டிக்கப்பட்ட விரலின் நுனியை அழுத்தும். கட்டிய நாடா வியர்வையில் அவிழும். வெற்று விரலை உட்புறமாகத் திருப்பிச் செருகுவது இவற்றினும் மேல்தான். ஆயினும் உள்ளே ஒரு முடிச்சுப் போல் திரண்டு உறுத்தும். சிறிது நேர இலகுவான வேலைக்கு அது போதும். எட்டு மணி நேர உழைப்புக்குப் போதாது.

துண்டிக்கப்பட்ட விரலின் எஞ்சிய பகுதியை ‘விரலடி’ என்று இங்கே குறிப்பிடுவோம். விரலடியின் முனையில் எலும்பின் மீது போர்த்தியிருக்கும் தோல் மெல்லியது. வெட்டுண்ட நரம்பின் நுனி சிறு கட்டி போல் வளர்ந்து, இலேசாகத் தொட்டாலும் மின்சாரம் பாய்ந்தது போல் வலிப்பதும் உண்டு. பலருக்குக் குளிர் பட்டால் அவ்விடம் கடுமையாக வலிக்கும். எனவே கையுறையின் தையல் மடிப்பு விரலடியின் முனையில் வந்து உரசுமானால், எவ்வளவு விலையுயர்ந்த கையுறையானாலும் அவர் அதை அணியமாட்டார். ‘கையுறை கொடுத்தும் போட மறுக்கிறான்’ என்று மேற்பார்வையாளர் குறை சொல்வதன் பின்னணியில் பெரும்பாலும் இந்த வலி இருக்கும்.

கையுறையே கூடாத வேலைகள்

வேலைக்கேற்ற கையுறையைத் தேடுமுன் ஓர் எச்சரிக்கை. கடைசல் இயந்திரம், துளையிடும் இயந்திரம் போன்று சுழலும் பகுதி திறந்திருக்கும் இயந்திரங்களின் அருகே எந்தக் கையுறையும் அணியலாகாது. வெறும் விரல் பட்டால் காயத்தோடு தப்ப வாய்ப்புண்டு. கையுறை பட்டாலோ அது சுற்றிக்கொண்டு கையையே உள்ளே இழுத்துவிடும். விரல்கள் முழுமையாக இருப்போருக்கும் இது பொதுவான விதி. வெற்று விரல் தொங்கும் கையுறை என்றால் ஆபத்து இன்னும் மிகுதி. அத்தகைய இயந்திரங்களில் பாதுகாப்பு என்பது இயந்திரத்துக்கு இடும் மறைப்பிலும், உடனே நிறுத்தும் விசையிலும் இருக்கிறது. பவர் பிரஸ் இயந்திரத்திலும் அவ்வாறே. எத்தகைய கையுறையும் அதன் அழுத்தத்திலிருந்து விரலைக் காக்காது. இரு கைகளாலும் பொத்தானை அழுத்தினாலன்றி இயங்காத அமைப்பும், தடுப்புமே காக்கும்.

கையுறை பயன்படுவது தகடு, கண்ணாடி, மரம், செங்கல் ஆகியவற்றைத் தூக்கும் வேலையிலும், வெல்டிங்கிலும், இரசாயனங்களைக் கையாள்வதிலும், மின்வேலையிலும், குளிர்பதனக் கிடங்குகளிலும்தான்.

ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பணி

எந்த விரல் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தே கையுறையின் தேவையும் மாறும்.

கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களையும் எதிர்கொண்டு பற்றுவது. அது போனால் கையின் திறனில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு போய்விடுவதாக மருத்துவர்கள் கணக்கிடுகின்றனர். சுட்டுவிரல் ஆணியை எடுப்பது, திருகைப் பொருத்துவது போன்ற நுண்ணிய வேலைகளுக்கு உரியது. அதை இழந்தவர் நாளடைவில் நடுவிரலால் அப்பணியைச் செய்யப் பழகிவிடுகிறார். அவருக்குத் தடித்த கையுறையைக் கொடுத்தால் பழகிய அத்திறனும் பறிபோகும். மெல்லிய, நெகிழ்வான கையுறையே ஏற்றது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் சுத்தியல், கடப்பாரை ஆகியவற்றை இறுகப் பற்றும் வலிமையைத் தருபவை. அவற்றை இழந்தவருக்கு உள்ளங்கையில் வழுக்காத பூச்சுள்ள கையுறை வேண்டும். நடுவிரலோ மோதிரவிரலோ அடியோடு போயிருந்தால், கையின் நடுவே ஓர் இடைவெளி உண்டாகி, சிறு பொருள்கள் அதன் வழியே நழுவிவிடும். அங்கே கையுறையின் அவ்விடத்தை மூடித் தைத்தல் அவசியம்.

இரு சட்டங்களும் விரலின் மதிப்பும்

விரலின் மதிப்பை மனிதச் சட்டம் எவ்வாறு அளந்தது என்பதைப் பாருங்கள். இந்தியாவில் 1923ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்றும், சுட்டுவிரல் முழுதும் போனால் 14 விழுக்காடு, நடுவிரலுக்கு 12 விழுக்காடு, மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் தலா 7 விழுக்காடு என்றும் வகுத்தது. அச்சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடக்கப்பட்டது. விரலின் பயனை அளந்து அதற்கேற்ப ஈடு செய்வது இவ்வகைச் சட்டத்தின் முறை.

நம் மார்க்கச் சட்டம் வேறொரு கோணத்தில் நோக்குகிறது. விரல்களுக்கான இழப்பீட்டில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் சமம் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு. ஒவ்வொரு விரலுக்கும் பத்து ஒட்டகங்கள். பத்து விரல்களுக்கும் சேர்த்து நூறு ஒட்டகங்கள், அதாவது ஓர் உயிருக்குரிய முழு ஈட்டுத் தொகை. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் முதலில் விரல்களின் பயனைக் கருதி வெவ்வேறு அளவாகத் தீர்ப்பளித்தார்கள். அம்ர் பின் ஹஸ்ம் (ரலி) அவர்களின் குடும்பத்தாரிடமிருந்த நபியவர்களின் கடிதம் கிடைத்த பின்னர், அத்தீர்ப்பு கைவிடப்பட்டுச் சம அளவே நிலைபெற்றது.

‘சுண்டுவிரல்தானே போயிற்று, பரவாயில்லை’ என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பட்டறையில் இருப்போரும் அப்படியே எண்ணுவதால்தான் அவருக்கென்று ஒரு கையுறையைப் பற்றி எவரும் சிந்திப்பதில்லை. மார்க்கம் எந்த விரலையும் ‘தானே’ என்று ஒதுக்கவில்லை.

இதே வரலாற்றில் மற்றொரு நிகழ்ச்சியும் நம் பொருளுக்கு மிக நெருங்கியது. அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) என்னும் நபித்தோழர், அறியாமைக் காலத்தில் நிகழ்ந்த குலாப் போரில் தம் மூக்கை இழந்தவர். வெள்ளியால் ஒரு மூக்கைச் செய்து பொருத்திக்கொண்டார். அது நாளடைவில் துர்நாற்றம் வீசலாயிற்று. தங்கத்தால் செய்து கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்கள் தங்கம் அணிவது தடுக்கப்பட்டிருந்தும், உறுப்பிழந்த ஒருவரின் தேவைக்காக வழி திறக்கப்பட்டது. ‘ஏதோ ஒன்று பொருத்தியாயிற்று, அத்துடன் இருந்து கொள்’ என்று அவரிடம் கூறப்படவில்லை. துன்பம் தரும் மாற்றுப்பொருளை நீக்கி, உடலுக்கு ஒத்ததைத் தேடிக் கொடுப்பதே அந்த முன்மாதிரி. பொருந்தாத கையுறையைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்ததாக எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

வேலூர் தந்த பாடம்

விரலிழந்த கைகளைப் பற்றிய மருத்துவ அறிவில் பெரும் திருப்பம் நம் வட ஆர்க்காட்டு மண்ணிலேயே நிகழ்ந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946ஆம் ஆண்டு வந்து சேர்ந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைந்து போகின்றன என்று ஆராய்ந்தார். நோய் சதையைத் தின்றுவிடுகிறது என்றே அதுவரை பலரும் நம்பினர். நோய் நரம்பைத் தாக்கி வலியுணர்ச்சியைப் போக்கிவிடுகிறது. வலி தெரியாததால் கை சுடுபடுகிறது, வெட்டுப்படுகிறது, ஒரே இடத்தில் ஓயாமல் உரசுகிறது. கவனிக்கப்படாத அந்தக் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்று அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டறிந்தனர். வலி என்பது இறைவன் வைத்த காவல் என்பது இதனால் விளங்கும்.

இந்தப் பாடம் விரலிழந்த எல்லாருக்கும் பயன்படும். விரலடியில் சிலருக்கு வலி மிகுதி. சிலருக்கு அங்கே உணர்ச்சியே இராது. உணர்ச்சி குறைந்தவருக்குக் கையுறை உரசுவதும் தெரியாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் இந்த நிலை ஏற்படலாம். அவர்களின் காயம் ஆறுவதும் தாமதமாகும். ஆகவே புதிய கையுறை அணிந்த முதல் வாரத்தில், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து கையுறையைக் கழற்றியதும் விரலடியைக் கண்ணால் பார்க்க வேண்டும். சிவந்த தடம் சிறிது நேரத்தில் மறைந்துவிட்டால் கவலையில்லை. நெடுநேரம் மறையாதிருந்தாலோ, கொப்புளம் தோன்றினாலோ அந்தக் கையுறையைத் திருத்தியாக வேண்டும். வீட்டிலுள்ள தாயோ, மனைவியோ இதைப் பார்த்துச் சொல்வது சிறந்த உதவி.

அளவெடுக்கும் முறை

கையுறையின் அளவைப் பலரும் கண்மதிப்பாகவே வாங்குகின்றனர். அதற்கு ஒரு கணக்கு உண்டு. கட்டைவிரலை விட்டுவிட்டு, நான்கு விரல்களின் அடிக்கணுக்களையொட்டி உள்ளங்கையின் சுற்றளவை நாடாவால் அளக்க வேண்டும். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை நீளத்தை அளக்க வேண்டும். பன்னாட்டுத் தர அளவின்படி, சுற்றளவு 178 மில்லிமீட்டரும் நீளம் 171 மில்லிமீட்டருமானால் 7ஆம் எண். 203க்கு 182 என்றால் 8ஆம் எண். 229க்கு 192 என்றால் 9ஆம் எண். 254க்கு 204 என்றால் 10ஆம் எண்.

நடுவிரலை இழந்தவர் நீளத்தை மற்றக் கையில் அளந்து கொள்ளலாம். சுற்றளவை மட்டும் காயம்பட்ட கையிலேயே அளக்க வேண்டும். விரலோடு உள்ளங்கை எலும்பும் நீக்கப்பட்டிருந்தால் அந்தக் கை குறுகியிருக்கும். அப்போது இரு கைகளுக்கும் இரு வேறு எண்கள் தேவைப்படும். ஒரே எண்ணில் இரண்டையும் வாங்கினால் ஒன்று தளர்ந்து போகும். மாலையில் கை சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அளப்பது நல்லது.

பிறகு ஒரு தாளில் கையை விரித்து வைத்துச் சுற்றிலும் கோடு வரையுங்கள். ஒவ்வொரு விரலின் நீளத்தையும், விரலடியின் நீளத்தையும் சுற்றளவையும் அதில் குறித்து வையுங்கள். உணர்ச்சி மிகுந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுங்கள். இந்தத் தாள் ஒன்று போதும். தைப்பவரிடமோ, கையுறை உற்பத்தியாளரிடமோ காட்டி வேண்டியதைப் பெறலாம்.

தோல் கையுறையைத் திருத்துதல்

எளிதில் திருத்தக்கூடியது தோல் கையுறைதான். தூக்கும் வேலைக்கும் வெல்டிங்குக்கும் பயன்படுவது பெரும்பாலும் குரோம் முறையில் பதனிட்ட மாட்டுத்தோல். நுண்ணிய வெல்டிங்குக்கு ஆட்டுத்தோல் ஏற்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் தொழிலும் காலணித் தையலும் நம் சமுதாயத்தாருக்குக் கைவந்த கலை. அங்கே காலணி மேற்பகுதியைத் தைக்கும் ஆணோ பெண்ணோ எவரும் இத்திருத்தத்தைச் சிறிது நேரத்தில் செய்துவிடுவர். மற்ற ஊர்களில் தோல் பை தைப்பவரையோ, காலணி தைப்பவரையோ அணுகலாம்.

முறை இதுதான். கையுறையை அணிந்து, விரலடி முடியும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறிக்க வேண்டும். அக்குறிக்கு அப்பால் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் இடம் விட்டுத் தையல் கோட்டை வரைய வேண்டும். கையுறையை உட்புறம் வெளியே வருமாறு திருப்பி, அக்கோட்டின் மீது நேராகத் தைக்காமல் விரல் நுனியைப் போல் வளைத்து இரண்டு வரி தைக்க வேண்டும். மிஞ்சிய தோலைத் தையலையொட்டி வெட்டிவிட்டு, மீண்டும் திருப்ப வேண்டும். விரலடியில் உணர்ச்சி மிகுந்தவருக்கு உள்மடிப்பு உறுத்தும். அவருக்குத் தையலை வெளிப்புறமே அமைத்து, விளிம்பு எதிலும் சிக்காதவாறு மிக நெருக்கமாக வெட்டிவிடலாம். மெல்லிய பருத்தி உள்ளுறை ஒன்றை அளவாகத் தைத்து முதலில் அணிந்து கொள்வதும் உதவும். வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் சகோதரிகள் இதைத் தாங்களே தைத்துக் கொடுக்கலாம்.

நூலிலும் கவனம் வேண்டும். வெல்டிங் கையுறைக்குச் சாதாரண நைலான் நூலோ பாலியெஸ்டர் நூலோ ஆகாது. தீப்பொறி பட்டால் உருகிப் பிரிந்துவிடும். வெப்பம் தாங்கும் அராமிட் வகை நூலே தேவை.

அடுத்தடுத்த இரு விரல்களை இழந்தவருக்கு, இரண்டு வெற்று விரல்களையும் நீக்கிவிட்டு அவ்விடத்தை ஒரே வளைவாக மூடுவது நல்லது. வெல்டிங் வேலைக்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும் தனியாகவும், மற்றவை ஒரே பையாகவும் அமைந்த கையுறைகளும் உள்ளன. மோதிரவிரலோ சுண்டுவிரலோ இழந்தவருக்கு இவை திருத்தமின்றியே பொருந்தும்.

கத்தி படக்கூடாத கையுறைகள்

எல்லாக் கையுறைகளையும் இவ்வாறு வெட்டித் தைக்க இயலாது. இதில் தவறு செய்தால் உயிருக்கே தீங்கு நேரலாம்.

மின்வேலைக்குரிய ரப்பர் கையுறையில் ஊசி முனையளவு துளை விழுந்தாலும் அதன் காப்புத் திறன் போய்விடும். அதை வெட்டவோ, தைக்கவோ, ஒட்டவோ கூடாது. அமிலம், காரம், கரைப்பான் ஆகியவற்றைக் கையாளும் ரப்பர், நைட்ரில் கையுறைகளும் அப்படியே. தையல் துளை வழியே இரசாயனம் உட்புகுந்து தேங்கினால், கையுறை இல்லாததை விடவும் கேடு மிகும். இத்தகைய வேலைகளில் இருப்போருக்கு இரு வழிகள் உண்டு. அளவுத்தாளைக் கொடுத்து உற்பத்தியாளரிடமே குறுகிய விரலுடன் செய்து வாங்குவது ஒன்று. விரலடியின் மீது அணியும் சிலிக்கோன் செயற்கை விரலைச் செய்து கொள்வது மற்றொன்று. அது கையுறையின் வெற்று விரலை நிரப்பி, மடியாமல் நிறுத்தும். இரண்டும் கைகூடாவிட்டால் அவரை வேறு பணிக்கு மாற்றுவதே நியாயம்.

வெட்டுத் தாங்கும் நூலால் பின்னிய கையுறையைக் கத்தரித்தால் பின்னல் பிரிந்துவிடும். இவ்வகைக் கையுறைகளை இயந்திரம் விரல் விரலாகவே பின்னுகிறது. எனவே ஒரு விரலைக் குறுக்கிப் பின்னுவது தொழிற்சாலைக்கு இயலாத செயலன்று. ஒரே பட்டறையில் விரலிழந்தோர் பலர் இருந்தால் சேர்ந்து கேட்கலாம்.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். கையுறையின் மீது சுத்தியல் படத்துடன் அச்சிடப்பட்டிருக்கும் ஈ.என். 388 என்ற குறியும் எண்களும், உராய்வு, வெட்டு, கிழிவு, குத்து ஆகியவற்றைத் தாங்கும் அளவைக் காட்டுவன. அந்தச் சோதனை, தொழிற்சாலையிலிருந்து வந்த வடிவத்துக்கு உரியது. நாம் திருத்தித் தைத்த பகுதிக்கு அந்த உறுதி பொருந்தாது. ஆதலால் திருத்திய கையுறையைப் பட்டறைப் பொறுப்பாளரிடம் காட்டி, எந்தெந்த வேலைக்கு அதை அணியலாம் என்று முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பொருத்தத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு. பன்னாட்டுத் தரச் சோதனையில், கையுறை அணிந்து சிறு உலோகத் தண்டு ஒன்றை 30 விநாடிகளுக்குள் மூன்று முறை தடுமாறாமல் எடுக்கச் சொல்வர். 11 மில்லிமீட்டர் பருமனுள்ள தண்டையேனும் எடுக்க முடிந்தால் அது முதல் தரநிலை. 5 மில்லிமீட்டர் தண்டையும் எடுக்க முடிந்தால் ஐந்தாம் நிலை. வீட்டிலேயே ஒரு பென்சிலையும் ஓர் ஆணியையும் வைத்து இதைச் செய்து பாருங்கள். அடுத்து, அவர் நாள்தோறும் பயன்படுத்தும் கருவியையே பிடித்து வேலை செய்து காட்டச் சொல்லுங்கள்.

தோலின் வகையும் தொழுகையும்

முஸ்லிம் தொழிலாளி மற்றொன்றையும் பார்த்து வாங்க வேண்டும். உழைப்புக் கையுறைகளில் பன்றித்தோலால் ஆனவையும் விற்பனைக்கு வருகின்றன. பன்றித்தோல் பதனிட்டாலும் தூய்மையாகாது என்பது ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளின் தீர்ப்பு. கையுறைக்குள் கை வியர்க்கும். ஈரம் பட்டால் அசுத்தம் கையிலும் சேரும். தோலின் மேற்பரப்பை உற்று நோக்கினால் இதை அடையாளம் காணலாம். பன்றித்தோலில் மயிர்த்துளைகள் மும்மூன்றாக முக்கோணம் போல் அமைந்திருக்கும். சந்தேகமிருந்தால் மாட்டுத்தோல், ஆட்டுத்தோல் என்று தெளிவாகக் குறித்ததையே கேட்டு வாங்குங்கள்.

உளூச் செய்யும்போது கையுறையைக் கழற்றிவிட வேண்டும். காலுறையாகிய ஹுஃப்பின் மீது மஸ்ஹு செய்வதைப் போல் கையுறையின் மீது செய்ய அனுமதியில்லை. விரல் போயிருந்தால் எஞ்சியுள்ள பகுதியைக் கழுவுவது கடமை. போன பகுதிக்குக் கடமையில்லை. கழற்றக்கூடிய செயற்கை விரல் அணிந்தவர் அதைக் கழற்றி, விரலடியில் நீர் படச் செய்ய வேண்டும். வலக்கைச் சுட்டுவிரலை இழந்தவர் அத்தஹிய்யாத்தில் வேறு விரலை நீட்ட வேண்டியதில்லை என்று ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். நம் மார்க்கம் இருக்கும் கையைக் கொண்டே வணக்கத்தை ஏற்றுக்கொள்கிறது. நம் பட்டறைகளும் இருக்கும் கையைக் கொண்டே வேலையை அமைத்தால் என்ன?

யாருடைய பொறுப்பு?

கையுறையைத் திருத்தும் செலவு யாருடையது என்று கேட்கலாம். ஐரோப்பிய நாடுகளுக்கான 1989ஆம் ஆண்டின் பணிப்பாணை, பாதுகாப்புச் சாதனம் தேவையான மாற்றங்களுக்குப் பின் அணிபவருக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்றும், முதலாளி அதை இலவசமாகத் தர வேண்டும் என்றும் விதித்தது. அமெரிக்காவில் கட்டுமானத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புச் சாதனம் பொருந்தும் அளவில் இருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 13 அன்று நடைமுறைக்கு வந்தது. பொருந்தாத சாதனம் பாதுகாப்பே அன்று என்பதை உலகம் இப்போது சட்டமாகவே எழுதி வருகிறது.

பட்டறை நடத்தும் சகோதரர்களே! உங்களிடம் பணிபுரிபவரின் கை உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஆயிரக்கணக்கில் கையுறை வாங்கும்போது இரண்டு சோடியைத் திருத்தித் தைக்க ஆகும் செலவு மிகச் சொற்பம். அவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் கேட்பதில்லை. குறைபட்ட கையைச் சட்டைப் பைக்குள் மறைத்துக் கொள்கின்றனர்.

குடும்பத்தாரும் அந்தக் கையை மறைக்கச் சொல்லாதீர்கள். உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களைக் காத்து நின்று செயலிழந்த தல்ஹா (ரலி) அவர்களின் கையைக் கண்டதாகப் பின்வந்தோர் பெருமையுடன் அறிவித்தனர். மனைவி மக்களின் ஹலாலான உணவுக்காக உழைத்துக் குறைபட்ட கையும் மதிப்புக்குரியதே. அந்தக் கையைத் தாளில் வைத்து அளவெடுத்துக் கொடுங்கள். பொருந்துகிறதா, உறுத்துகிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவரானால் அளவுத்தாளை இங்கேயே வாங்கி, இரண்டு சோடியைத் தைத்து அடுத்து ஊரிலிருந்து செல்பவரிடம் கொடுத்தனுப்புங்கள். அங்குள்ள பொறுப்பாளரிடம் காட்டி அனுமதி பெற்று அணியச் சொல்லுங்கள்.

உழைக்கும் கைகள் அனைத்தையும் வல்ல அல்லாஹ் காத்தருள்வானாக! ஆமீன்.